சாயம் வெளுத்த வால்: வேளச்சேரி வீட்டில் ஒரு பறவைப் புதைபடிவம்

சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. நான் கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் அனுபவம் முழுக்க அரியலூர்ப் பக்கத்துக் கடல் படிவங்களில்தான்: அம்மோனைட், கிளிஞ்சல், சுறாப்பல். பறவைப் புதைபடிவம் என் துறை இல்லை. தவறு அங்கேதான் தொடங்கியது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

குடும்பத் தலைவர் பெரியமேட்டில் தோல் வியாபாரம் செய்தவர். 1997-இல் தோல் கண்காட்சிக்காக ஹாங்காங் போனபோது, தங்கியிருந்த ஓட்டலுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கல் பலகையை வாங்கியிருக்கிறார். அதில் ஒரு பறவையின் எலும்புக்கூடு. துணி மாதிரிகளுக்கும் தோல் மாதிரிகளுக்கும் நடுவே சுற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். பில்லை மகள் இன்னும் வைத்திருக்கிறார். அதில் 'அலங்காரக் கல், 1' என்று மட்டும்தான் இருக்கிறது. பறவை என்றோ புதைபடிவம் என்றோ ஒரு சொல் இல்லை. அந்தப் பில் பின்னால் ஒரு பெரிய கேள்வியைக் கிளப்பும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பலகை வீட்டு ஹாலில் இருந்தது. முதலில் பெரியமேட்டு வீட்டில், பிறகு வேளச்சேரியில். வீட்டில் அதற்குப் பெயர் 'அத்தாவோட பறவை'. வரும் விருந்தாளிகளிடம் அவர் சொல்லும் ஒரே வரி, "டைனோசர் இருந்தப்போ இதுவும் இருந்துச்சு." 2021-இல் அவர் காலமானார். தொழில் மகன் கைக்குப் போனது. மகள் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியை.

பலகை சுமார் 42 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 3 கனம். ஒன்பது கிலோ இருக்கும். சாம்பலும் மஞ்சளும் கலந்த, மெல்லிய ஏடுகளாக அடுக்கிய களிப்பாறை. பறவை மல்லாந்து கிடக்கிறது. இறக்கைகள் இரண்டு பக்கமும் விரிந்திருக்கின்றன, தலை இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. வாலிலிருந்து ரிப்பன் போல இரண்டு நீள இறகுகள் கீழே இறங்குகின்றன. பார்த்தவுடன் மனதில் நிற்கும் தோற்றம். அந்த இரண்டு இறகுகள்தான் இந்தக் கதையின் முக்கால் பங்கு.

முதல் கருத்து

2023 ஆகஸ்டில் மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பள்ளியில் புதிதாக ஓர் அறிவியல் அறை திறக்கப் போகிறார்கள், அத்தாவின் நினைவாக இதைக் கொடுக்க விரும்புகிறோம், இது என்ன பறவை என்று மட்டும் சொல்ல முடியுமா என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. நான் அன்று மாலையே பதில் போட்டேன்: "இது கன்பூசியஸார்னிஸ். சீனாவின் லியாவோனிங் மாகாணம். அசல்தான்."

முதல் இரண்டு வாக்கியங்களுக்கு ஆதாரம் இருந்தது. கன்பூசியஸார்னிஸ் என்ற பறவையை ஹோ லியென்ஹாய், ஜோ ஜோங்ஹே உள்ளிட்ட சீன ஆய்வாளர்கள் 1995-இல் பெயரிட்டு விவரித்தார்கள். தத்துவ ஞானி கன்பூசியஸின் பெயர்தான் அதற்கு. ஏறத்தாழ 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெடேசியஸ் காலத்தில், எரிமலைகள் சூழ்ந்த ஏரிக்கரைகளில் வாழ்ந்தது. காக்கை அளவு இருக்கும். அதற்கும் முந்தைய, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுப் பழமையான ஜெர்மனியின் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற பறவைக்குப் பல் உண்டு, பல்லி போல நீண்ட எலும்பு வாலும் உண்டு. கன்பூசியஸார்னிஸுக்குப் பல்லே இல்லை, நம் பறவைகள் போலக் கொம்புப் பொருளாலான அலகுதான். வால் எலும்புகளும் ஒட்டிக் குட்டையாகிவிட்டன. ஆனாலும் இறக்கையில் மூன்று விரல்கள், அவற்றில் நகங்கள். பாதி பழசு, பாதி புதுசு. எரிமலைச் சாம்பல் ஏரியடியில் மெல்லிய படலங்களாகப் படிந்ததால் இறகுகூடத் தடம் விட்டிருக்கிறது. இதுவரை பல நூறு எலும்புக்கூடுகள் கிடைத்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு நீள வால் இறகுகள் உண்டு, சிலவற்றுக்கு இல்லை.

மூன்றாவது வாக்கியத்துக்கு, 'அசல்தான்' என்பதற்கு, என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. படத்தில் பார்த்ததைப் புத்தகப் படத்தோடு ஒப்பிட்டேன், இரண்டும் ஒத்துப்போயின. ஒத்துப்போவதற்காகவே ஒருவர் அதைச் செய்திருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை.

அந்த ஒரு சொல் வேகமாகப் பரவியது. பள்ளி அழைப்பிதழின் வரைவில் 'தமிழகப் பள்ளிகளிலேயே முதன்முறையாக, டைனோசர் காலத்து அசல் பறவை' என்று அச்சிட்டார்கள். மகனுக்கு யாரோ லட்சக்கணக்கில் போகும் என்று சொல்லியிருந்தார்கள். தானமாகக் கொடுக்கலாமா, விற்கலாமா என்று அண்ணன் தங்கைக்குள் சின்ன உரசல். ஜனவரியில் அறை திறப்பதாக முடிவாகி, பலகையை மரப்பெட்டியில் வைத்து, பள்ளிக்கு எடுத்துப்போக வசதியாக ஹால் தரையில் வைத்தார்கள்.

வெள்ளம்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். வேளச்சேரிக்காரர்களுக்கு மேலே எதுவும் சொல்ல வேண்டாம். அவர்கள் வீட்டின் தரைத்தளத்தில் முட்டிக்கு மேல் தண்ணீர். குடும்பம் மாடிக்கு ஏறிவிட்டது. பிரிட்ஜையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்றிய அவசரத்தில் மரப்பெட்டி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஏறத்தாழ இரண்டரை நாள் அது சாக்கடை கலந்த தண்ணீரில் கிடந்தது.

7-ஆம் தேதி தண்ணீர் வடிந்ததும் பெட்டியைத் திறந்தார்கள். எல்லா வீட்டிலும் செய்வது போல, பாய், மெத்தை, புத்தகத்தோடு அதையும் மொட்டைமாடி வெயிலில் காய வைத்தார்கள். மதியம் மகள் அழைத்தார். குரலே சரியில்லை. "சார், வால் போயிடுச்சு."

பழுப்பு நிறத்தில் ஒரு நீர் பலகையிலிருந்து ஒழுகி, அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் இரண்டு கோடுகளாக ஊறியிருந்தது. துணியைப் படமெடுத்து அனுப்பினார். வால் இறகு இருந்த இடத்தில் மங்கலான தடம் மட்டும். தலைக்குப் பக்கத்தில் ஒரு பகுதி உப்பி, ஓரத்தில் பெயர்ந்து நின்றது.

அந்த நிமிடம் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, அது போலியா அசலா என்பது பற்றியது இல்லை, பலகையைக் காப்பாற்றுவது பற்றியது. களிப்பாறை தண்ணீரை உறிஞ்சினால் ஊதும். சட்டென்று வெயிலில் காய்ந்தால் மேல் ஏடு முதலில் சுருங்கி, கீழ் ஏட்டை விட்டுப் பிரியும். ஏடு பிரிந்தால் எலும்பும் அதோடு போகும். ஆகவே தொலைபேசியிலேயே சொன்னேன்: வெயிலிலிருந்து எடுங்கள், துடைக்காதீர்கள், ஈரத்துணியைப் பிழிந்து மேலே மூடி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போடுங்கள், ஃபேன் வேண்டாம். தினமும் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி மூன்று வாரம் காய வைத்தோம். இடையில் பெயர்ந்த பகுதியில் மட்டும் பூஞ்சை பூத்தது. கல்லிலும் எலும்பிலும் பூக்கவில்லை. அது அப்போதே ஒரு துப்பு என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. வெறும் கல்லில் பூஞ்சைக்குத் தின்ன எதுவும் இல்லை. பசையில் உண்டு.

மேசை மேல் பார்த்தது

ஜனவரி முதல் வாரத்தில் நேரில் போனேன். அழைப்பிதழை அச்சுக்கு அனுப்ப வேண்டாம் என்று மட்டும் பள்ளியிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேன். காரணம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு அளவுகோல், ஒரு நோட்டு. பலகை பதினான்கு துண்டுகளாக உடைந்து ஒட்டப்பட்டிருந்தது. இதில் ஆச்சரியம் இல்லை. மெல்லிய ஏடாகப் பிளக்கும் பாறையைத் தோண்டும்போது அது முழுசாக வருவது அரிது, அருங்காட்சியகங்களிலும் ஒட்டித்தான் வைக்கிறார்கள். பசை இருப்பதே குற்றமில்லை. பார்க்க வேண்டியது வேறு: விரிசலின் இரண்டு பக்கமும் கல்லின் வரிகள் தொடர்கின்றனவா? விரிசல் எலும்பின் மேல் போனால் எலும்பும் அதே கோட்டில் வெட்டுப்பட்டிருக்கிறதா? ஒன்பது துண்டுகளில் தொடர்ந்தன. ஐந்தில் இல்லை.

அடுத்து, ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு யூவி டார்ச். கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருப்பது போன்றதுதான், விலையும் அதிகமில்லை. ஹால் ஜன்னலை எல்லாம் போர்வையால் மறைத்து அடித்துப் பார்த்தோம். மகள் "ஐயோ" என்றார். பகலில் ஒரே நிறமாகத் தெரிந்த பலகை, அந்த வெளிச்சத்தில் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது. இறக்கை எலும்புகள் மங்கலான மஞ்சளாகத் தெரிந்தன. விரிசல்களில் வெண்ணீலக் கோடுகள். தலையின் முன்பாதி, அதாவது அலகு முழுவதும், அதே வெண்ணீலம். மரவேலையிலும் கார் டிங்கரிங்கிலும் பட்டி பார்ப்பார்களே, அதே வேலை. கல் தூளைப் பசையோடு குழைத்து, இல்லாத அலகைச் செய்து ஒட்டியிருந்தார்கள்.

கால்களை அளந்தபோது இன்னொன்று. இடது கீழ்க்கால் எலும்பு 52 மில்லிமீட்டர், வலது 59. ஒரே பறவைக்கு இரண்டு காலும் ஏழு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இருக்காது. வலது கால் கிடந்த கல்லின் நிறமும் ஒரு படி கருப்பு. அது வேறொரு பறவையின் கால்.

வாலுக்கு லென்ஸே போதும். தண்ணீர் எட்டாமல் வார்னிஷுக்கு அடியில் தப்பியிருந்த ஓர் அங்குலத்தில் தூரிகைத் தடங்கள் தெளிவாக இருந்தன. அசல் இறகுத் தடம் பாறையில் கரிப்படலமாக இருக்கும். தேய்த்தால் தூளாகலாம், தண்ணீரில் சாயமாகக் கரையாது.

இனி நல்ல செய்தி. மேற்கை எலும்பில், தோளை ஒட்டி அகலமாக விரியும் இடத்தில், நீள்வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது. கன்பூசியஸார்னிஸின் முக்கிய அடையாளங்களில் ஒன்று அது. இரண்டு கைகளிலும் இருந்தது, ஓட்டையைச் சுற்றி எலும்பின் ஓரமும் இயல்பாக வளைந்திருந்தது. பட்டி பார்த்தவர் வாங்குபவர் கண்ணில் படுகிற இடங்களில் மட்டுமே வேலை செய்திருந்தார். இந்த ஓட்டையை எந்த வாடிக்கையாளரும் கவனிக்கப் போவதில்லை. ஆக, தோள், இரண்டு இறக்கை, மார்பு, இடுப்பு, இடது கால், தலையின் பின்பாதி எல்லாம் ஒரே பறவை, அசல். மற்றவை ஒட்டு.

என் கண்ணை மட்டும் நம்பி ஒரு முறை சறுக்கியவன் என்பதால் இன்னொருவரிடம் காட்ட விரும்பினேன். கிளி, புறா வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர் தன் எக்ஸ்ரே மேசையைத் தந்தார். முதல் படம் வெறும் புகை. பலகையின் பின்பக்கம் வேறொரு கல்லைக் கனத்துக்காக ஒட்டியிருந்ததால் ஊடுருவவில்லை. கதிரின் வலுவைக் கூட்டி எடுத்த படத்தில் எலும்பு தெரிந்தது, அலகு தெரியவே இல்லை. பட்டிக்கு எலும்பின் அடர்த்தி கிடையாது.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் மகளுக்கு எல்லாவற்றையும் புரிய வைத்தது. தெருமுனைக் கோழிக்கடையில் ஒரு முழுக்கோழி வாங்கி, வேகவைத்து, சதையை நீக்கி, எலும்புகளை ஒரு தட்டில் அடுக்கிவைத்தார். மார்பின் முன்னால் கவட்டை போல ஒட்டிய காறை எலும்பு, வால் நுனியில் முனை மழுங்கிய வாலடி எலும்பு, முன்கையில் ஒட்டிப்போன விரல்கள். பிறகு பலகையில் அதே எலும்புகளைத் தேடச் சொன்னார். கவட்டை எலும்பு உடனே அகப்பட்டது. வாலடி எலும்பும். விரல்களில் மகள் நின்றுவிட்டார். கோழியில் ஒட்டிக் குறுகிவிட்டது, பலகையில் மூன்றும் தனித்தனியாக நகத்தோடு நீட்டிக்கொண்டிருந்தது. "பன்னிரண்டு கோடி வருஷத்துல இவ்வளவுதான் மாறுச்சா?" என்று கேட்டார். மருத்துவர், "இவ்வளவு மாறியிருக்கே" என்றார்.

யாருக்கு, எதை, எப்படிச் சொல்வது

மகளிடம் அன்றே சொல்லியாகிவிட்டது. மகனிடம் சொல்வதுதான் கஷ்டம். அவர் கேட்ட முதல் கேள்வி நியாயமானது: "நீங்கதானே சார் அசல்னு எழுதிக் கொடுத்தீங்க?" ஆமாம் என்றேன். படத்தைப் பார்த்துச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு எளிதாகப் போனது என்று சொல்ல முடியாது, ஆனால் போனது.

அத்தா ஏமாந்துவிட்டாரா என்பதுதான் அவருக்கு உறுத்தல். அதனால் ஆர்க்கியோராப்டர் கதையைச் சொன்னேன். 1999-இல் அமெரிக்காவின் டூசான் நகரக் கனிமச் சந்தையில் லியாவோனிங் பலகை ஒன்றை ஓர் அருங்காட்சியகத்தார் 80,000 டாலருக்கு வாங்கினார்கள். பறவை உடல், டைனோசர் வால். அதே ஆண்டு நவம்பர் இதழில் நேஷனல் ஜியாக்ரபிக் அதைப் பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட உயிர் என்று பெரிதாக வெளியிட்டது. ஓரிரு மாதத்தில் சீன ஆய்வாளர் ஷூ ஷிங் அதே வாலின் மறுபாதிப் பலகையைச் சீனாவில் பார்த்தார். பாறையைப் பிளந்தால் ஒரே எலும்பு இரண்டு பக்கமும் பதியும். அந்த மறுபாதி வேறொரு உடலோடு இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் டிமோதி ரோவின் குழு சிடி ஸ்கேன் செய்து, அந்தப் பலகை 88 துண்டுகளால் ஆனது என்று 2001-இல் வெளியிட்டது. அதன் இரண்டு கால்களும் ஒரே காலின் இரண்டு பாதிகள். உடல் யானோர்னிஸ் என்ற பறவை, வால் மைக்ரோராப்டர் என்ற சின்ன டைனோசர். தனித்தனியாக இருந்திருந்தால் இரண்டுமே அருமையான மாதிரிகள். ஸ்கேன் வசதியோடு இருந்தவர்களே சறுக்கிய இடம் அது. ஓட்டல் பக்கத்துக் கடையில் ஒரு தோல் வியாபாரி என்ன செய்திருக்க முடியும்?

இதைக் கேட்டு மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தொழில்காரராகவே ஒன்று சொன்னார்: "ரெக்ஸினை லெதர்னு விக்கிறவனும் ஓரத்தை மட்டும் லெதர்லதான் தைப்பான் சார். கை அங்கதானே படும்." இந்தப் பலகையைப் பற்றி நான் எழுதிய பக்கங்களை விட அந்த ஒரு வரி தெளிவானது.

பள்ளித் தரப்பில் வேறு விதமான யோசனை வந்தது. வாலை மறுபடியும் வரைந்துவிடலாம், பிள்ளைகளுக்குத் தெரியவா போகிறது, பெரும்பகுதி அசல்தானே என்றார் ஒருவர். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்ட தவிப்பு. மறுத்தோம். இங்கே ஒரு விசேஷம் உண்டு. அந்த இரண்டு இறகுகள் வெறும் அழகு இல்லை. நீள இறகு உள்ளவை ஆண், இல்லாதவை பெண் என்ற கருத்து நெடுநாள் சர்ச்சையில் இருந்தது. 2013-இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் அனுசுயா சின்சாமி-துரன் குழு, நீள இறகு இல்லாத ஒரு கன்பூசியஸார்னிஸின் எலும்பைச் சீவி, முட்டையிடும் காலத்தில் பெண் பறவைகளுக்கு மட்டும் உருவாகும் உள்ளெலும்புத் திசுவை அதில் கண்டது. அது பெண் என்பது உறுதியானது. (பெயரைக் கேட்டதும் மகள், "நம்ம பக்கத்துப் பெயர் மாதிரி இருக்கே" என்றார். அந்த ஆய்வாளர் தென்னாப்பிரிக்கர்.) ஆக, வால் வரைவது ஒரு பறவையின் பாலையே மாற்றி எழுதுவதற்குச் சமம். நம் பலகையில் முதலில் வால் இறகு இருந்ததா, இல்லையா என்பதே இப்போது யாருக்கும் சொல்ல வழியில்லை. அந்த இடத்தின் மேற்பரப்பை வரைவதற்காகச் சுரண்டிச் சமப்படுத்தியிருக்கிறார்கள். இந்த மோசடியில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் அதுதான். அலகு போனதற்குக்கூட வரவில்லை.

ஒட்டுகளைப் பெயர்த்து எடுத்துவிடலாமா என்றும் யோசித்தோம். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பட்டிக்கு அடியில் அசல் எலும்பின் நுனி இருக்கக்கூடும், எங்களில் யாருக்கும் அந்தக் கைத்திறன் கிடையாது. எது அசல், எது ஒட்டு என்று நிறம் தீட்டிய ஒரு வரைபடம் மட்டும் தயாரித்தோம்.

அந்தப் பில்

வேலை முடிந்தது என்று நினைத்த பிறகுதான் மகள் பில்லை எடுத்துக் காட்டினார். 'அலங்காரக் கல்.' கடைக்காரர் ஏன் அப்படி எழுதினார்?

சீனாவில் முதுகெலும்பு உயிர்களின் புதைபடிவங்கள் 1982-ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சின்னச் சட்டத்தின் கீழேயே பாதுகாக்கப்பட்டவை. 2011 ஜனவரி முதல் அவற்றுக்கென்றே தனி விதிமுறைகளும் நடைமுறைக்கு வந்தன. அனுமதியில்லாமல் வெளியே விற்க முடியாது. 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை தொல்லுயிர்ப் பொருட்களையும் பண்பாட்டுச் சொத்தில் சேர்க்கிறது. இந்தியா அதை 1977-இல் ஏற்றது, சீனா 1989-இல். இப்படிக் கடத்தப்பட்ட புதைபடிவங்களை ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் சீனாவுக்குத் திருப்பி அனுப்பியிருக்கின்றன.

எனக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆகஸ்டில் 'லியாவோனிங்' என்று எழுதிய கையே 'அப்படியானால் இது எப்படி இங்கே வந்தது' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பறவையின் அழகில் மயங்கிவிட்டேன் என்பதுதான் நேர்மையான பதில்.

மகள் ஒரு வழக்கறிஞரிடம் பேசினார். அவர் சொன்னது சுருக்கம்: விற்காதீர்கள், தானமும் செய்யாதீர்கள், மறைக்கவும் மறைக்காதீர்கள். மகன் ஒரே நாளில் ஒத்துக்கொண்டார். ஒட்டுப் பலகைக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்காது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

பிறகு நடந்தது

அறிவியல் அறை ஒரு மாதம் தள்ளி, பிப்ரவரி கடைசியில் திறந்தது. பலகை அங்கே போகவில்லை. அதன் பெரிய அளவுப் படம் இரண்டு மாட்டியிருக்கிறது: ஒன்று சாதா வெளிச்சத்தில், ஒன்று யூவி வெளிச்சத்தில். பக்கத்தில் பின்னால் விளக்கு எரியும் பெட்டியில் எக்ஸ்ரே. கீழே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வேகவைத்து, சுத்தம் செய்து, கம்பியில் கோத்த கோழி எலும்புக்கூடு. இரண்டு விரலைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள், மருத்துவர் வந்து பார்த்துச் சரிசெய்தார்.

திறப்பன்று ஒரு பையன் என்னைக் கேட்டான்: "இதைச் செஞ்சவங்களுக்கு எந்த எலும்பு எங்க வரும்னு எப்படி சார் தெரிஞ்சுது?" நான் எதிர்பார்க்காத கேள்வி. லியாவோனிங்கில் இந்தப் பலகைகளைத் தோண்டியவர்களில் பலர் உள்ளூர் விவசாயிகள். நூற்றுக்கணக்கில் கையால் பிளந்து பார்த்தவர்கள். எங்கள் யாரையும் விட அவர்களுக்கு அந்தப் பறவை பழக்கம். முழுசான பறவைக்குக் கிடைக்கிற காசு உடைந்த பறவைக்குக் கிடைக்காது, அதனால் முழுசாக்கினார்கள் என்றேன். "அப்போ அவங்க நல்லா படிச்சிருந்தா ஆராய்ச்சியாளர் ஆயிருப்பாங்களா?" என்றான். ஆகியிருக்கலாம் என்று சொன்னேன்.

பலகை இப்போது மாடி அறையில், தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கிறது. மகன் தன் கடையிலிருந்து கொண்டுவந்த ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார், ஷூ பெட்டியில் போடுவதுதான். படங்கள், அளவுகள், எக்ஸ்ரே, பில்லின் நகல் எல்லாவற்றையும் சேர்த்து, பலகையை ஒப்படைக்கத் தயார் என்ற கடிதத்தோடு சீனத் தரப்புக்கு மகள் 2024 ஜூனில் அனுப்பினார். தனியாக ஒரு வெளிநாட்டு ஆய்வாளருக்கும் எழுதினோம். அவர் மேற்கை எலும்பின் ஓட்டையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படமும், இடது காலின் தெளிவான எக்ஸ்ரேவும் கேட்டிருக்கிறார். ஒட்டில்லாத அந்த ஒரு காலில்தான் அவருக்கும் ஆர்வம்.

மறுபடி செய்வதானால்

படத்தை மட்டும் பார்த்து இனப்பெயரைச் சொல்வேன், அசல் என்ற சொல்லைச் சொல்ல மாட்டேன். பலகையை மேசையில் வைக்கும் வரை அந்தக் கேள்வியைத் திறக்கவே மாட்டேன். வெளிநாட்டுப் புதைபடிவம் என்றால் எலும்புக்கு முன்னால் காகிதத்தைக் கேட்பேன். இந்த நிகழ்வில் வரிசை தலைகீழாகிவிட்டது: வெள்ளம் வந்து ஒட்டைக் காட்டியது, ஒட்டைப் பார்த்த பிறகுதான் பில்லைப் பார்த்தோம். வெள்ளம் வராமல் இருந்திருந்தால் வரைந்த வாலோடு அது பள்ளிச் சுவரில் இன்றைக்கும் தொங்கிக்கொண்டிருக்கும், அடியில் என் கல்லூரிப் பட்டத்தோடு என் பெயரும் இருந்திருக்கும்.

பள்ளியிடம் காரணம் சொல்லாமல் அச்சை நிறுத்தச் சொன்னதும் தவறுதான். அந்த மூன்று வாரம் ஆசிரியை தனியாகத் திட்டு வாங்கினார். சந்தேகம் வந்த அன்றே, சந்தேகம் என்று சொல்லியே தெரிவித்திருக்கலாம். சென்னை வீடுகளில் தரைத்தளத் தரையில் எதையும் வைக்கக் கூடாது என்பதை 2015-க்குப் பிறகும் யாராவது சொல்லித்தர வேண்டுமா என்று மகளே கேட்டுக்கொண்டார்.

ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆகஸ்டில் நான் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்க வேண்டாம் என்றேன். பலகையின் கோப்பில் எக்ஸ்ரேவுக்கும் பில்லுக்கும் நடுவில் அதையும் அச்செடுத்து வைத்திருக்கிறார்.